மாமா அடைத்த ஊசித்துளைகள்

இப்போதெல்லாம் நெஞ்சைப் படம் எடுத்தால் அது போனிலேயே வந்துவிடுகிறது. போன மாதம் பேரனுக்குச் சளி என்று எடுத்த படத்தை மருமகள் எனக்கு அனுப்பியிருந்தாள். நான் அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, போனைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்துவிட்டு, "இதயம் இருந்த இடத்துலதான் இருக்கு, பயப்படாத" என்று சொன்னேன். "அத்தை எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சீக?" என்று கேட்டாள். நான் படித்தது நாலாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியை ஏன் படிக்கவில்லை என்பதற்கும் நெஞ்சுப் படத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் இதயம் எங்கே இருக்கும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அதைக் குடும்பத்தோடு தொலைத்துவிட்டுத் தேடியவர்கள் நாங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். சிவகாசியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஓட்டு வீடு. அப்பா லாரி செட்டில் சரக்கு ஏற்றுகிறவர். அம்மா பயராபீஸில் வெடிமருந்து சலிக்கிறவள். வெடி செய்கிற கம்பெனியை எங்கள் ஊரில் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். தீபாவளி முடிந்து கம்பெனியை அடைத்த சமயம் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. மழை இருமல் என்றார்கள். மழை நின்றது. இருமல் நிற்கவில்லை.

இருமல் வந்ததிலிருந்து அம்மா என்னிடம் சரியில்லை. தனக்கென்று ஒரு டம்ளரை எடுத்து ஜன்னல் மேல் வைத்துக்கொண்டாள். என் பாயை வாசல் பக்கம் தள்ளிப் போட்டாள். சடை பின்னும்போது என் தலையையும் அந்தப்பக்கம் திருப்பி, தன் முகத்தையும் இந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு பின்னினால் சடை எந்த லட்சணத்தில் வரும்? பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மடியில் ஏறப் போனால், "பெரிய மனுசி ஆகப்போற வயசுல மடி கேக்குதாக்கும் மடி!" என்று விரட்டினாள். ஒன்பது வயதில் நான் எங்கே பெரிய மனுசி ஆவது? என்மேல் ஏதோ கோபம் என்றுதான் நினைத்தேன். நான் செய்த சேட்டைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நிறைய இருந்ததால் அதில் எது வெளியே வந்துவிட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்மாவைப் பெற்ற அம்மாச்சி, டி.பி. வந்து பின்னறையில் தனியாகக் கிடந்து இருமி இருமிச் செத்தவள் என்பது எனக்குத் தெரியும். அதையும் இந்த டம்ளரையும் சேர்த்து யோசிக்கிற புத்திதான் இல்லை.

கடைசியில் அப்பா அவளை விருதுநகரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் அம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, படம் எடுத்துவரச் சொன்னார். படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் டாக்டர் ஏதோ விசேஷத்துக்கு வெளியூர் கிளம்பிவிட்டார். அன்றைக்குச் சனிக்கிழமை. இனி திங்கட்கிழமைதான் பார்ப்பார். எக்ஸ்ரே கடைக்காரரிடமே அப்பா கேட்டிருக்கிறார், படத்தில் ஏதாவது தெரிகிறதா என்று. "அத நாங்க சொல்லக்கூடாதுங்க, டாக்டர்தான் சொல்லணும்" என்று அவர் சொன்னதை அப்பா கெட்ட சேதியாகவே எடுத்துக்கொண்டார். ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? ஆமத்தூர் வழியாக பஸ்ஸில் வருகிற வரைக்கும் படம் இருந்த காக்கி உறையை மடியைவிட்டு இறக்காமல் வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் நின்று வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஏணிப்படிபோல எலும்பு தெரிந்தது. வேறு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. ஆப்செட் பிரஸ்ஸில் கேமரா செக்சனில் வேலை. காலண்டரோ லேபிளோ எதை அச்சடிப்பதானாலும் அந்தக் காலத்தில் முதலில் அதை பிலிமில் எடுப்பார்கள். பிலிமில் கறுப்பாக இருப்பது தாளில் வெள்ளையாக விழும், வெள்ளையாக இருப்பது கறுப்பாக விழும். அந்தத் தலைகீழ் உலகத்தில்தான் மாமா பகலெல்லாம் குடியிருந்தார். ஒரு நெகட்டிவைப் பார்த்தே அதில் இருக்கிற பெண் சிவப்பா மாநிறமா என்று சொல்லிவிடுவார் என்று எங்கள் குடும்பத்துக்குப் பெருமை.

"வெயில்ல பிடிக்காதீக மச்சான்" என்று மாமா அப்பாவின் கையிலிருந்து படத்தை வாங்கினார். "இதுவும் நெகட்டிவ்தான். இதுக்குப் போயி டாக்டருக்குக் காத்துக் கிடக்கணுமா? நம்ம பிரஸ்ல வச்சுப் பாத்துருவோம்."

அப்பாவும் மாமாவும் கிளம்ப, நானும் பின்னால் ஒட்டிக்கொண்டேன். காலண்டர் சீசன். பிரஸ்ஸில் மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறையில், அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜை ஒன்று இருந்தது. அதன்மேல் வேலும் மயிலுமாக முருகன் நெகட்டிவாகப் படுத்திருந்தார். மாமா அவரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் அம்மாவின் நெஞ்சை வைத்தார்.

மாமாவுக்கு வேலை செய்யும்போது சீட்டியடிக்கிற பழக்கம். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு சீட்டியடித்தபடியே குனிந்தார். மேலிருந்து கீழாக ஒரு சுற்று பார்த்தார். நடுவில் வந்ததும் சீட்டி நின்றுவிட்டது.

"என்ன மாப்ளே?" என்றார் அப்பா.

"இருங்க மச்சான். நெகட்டிவா வச்சு உங்களுக்குச் சொன்னா வெளங்காது. தாள்ல ஒரு பிரிண்டு போட்டுருவோம்."

பிரிண்டு போடுவதற்கு முன்னால் பிரஸ்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். நெகட்டிவின் கறுப்பில் எங்காவது பொடி வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது தூசி விழுந்த இடம். பின்ஹோல் என்பார்கள். அதை அப்படியே விட்டால் முருகன் கன்னத்தில் மச்சத்தோடு வீடு வீடாகத் தொங்குவார். அதனால் செங்கல் நிறத்தில் ஒரு மையைத் தொட்டு, மெல்லிய பிரஷால் அந்தத் துளைகளை அடைத்துவிடுவார்கள். அம்மாவின் படத்திலும் மேல் மூலையில், காறை எலும்புக்குக் கீழே, கொஞ்சம் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. "எக்ஸ்ரேக்காரன் ரூம்ல ஒரே தூசி போல. தொழில் சுத்தமே இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே மாமா ஒவ்வொன்றாக அடைத்தார். கண் என்னவோ நடுவிலேயே இருந்தது. கை அதுபாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

ஈரம் காயாத பிரிண்டைக் கொண்டுவந்து விளக்கில் காட்டினார். இப்போது எல்லாம் மாறியிருந்தது. நெஞ்சு முழுக்க வெள்ளை. நடுவில், ஒருபக்கமாகச் சாய்ந்து, கைமுட்டி பருமனுக்கு மேல் கன்னங்கரேலென்று ஒரு கட்டி.

"இதயத்தக் காணோம் மச்சான்" என்றார் மாமா.

"காணோம்னா?"

"இதயம் எப்பிடி இருக்கும்? மேல ரெண்டு மேடு, கீழ கூரு. எம்புட்டு வாழ்த்து அட்டைக்கு நான் நெகட்டிவ் எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அது இதுல இல்ல. அது இருக்க வேண்டிய இடத்த இந்தக் கட்டி அடைச்சிருக்கு."

அப்பா அங்கே கிடந்த பேப்பர் ரீம் மேல் உட்கார்ந்துவிட்டார். மூட்டை மூட்டையாகச் சுமந்த மனுசன், தபால் உறை அளவு கனம்கூட இல்லாத அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். வாசலில் அப்பா முகத்தைப் பார்த்ததுமே அம்மா கையை நீட்டிவிட்டாள். "குடுங்க, நானும் பாக்கேன்." மாமா தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எங்கே அழப்போகிறாளோ என்று நான் கதவோரம் நின்றேன். அம்மா அந்தக் கறுப்புக் கட்டியை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏலே தம்பி, இது ஒட்டுற சீக்கா?"

"கட்டி எப்பிடிக்கா ஒட்டும்? அது உள்ளயே கெடந்து வளரும்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்க்கா. உனக்கு ஆகாதே தவிர, அடுத்தவுகளுக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார் மாமா.

"அப்பச் சரி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டி மூளைக்கும் ஏறிவிட்டதோ என்று நினைத்திருப்பார்கள். அம்மா நேராக என்னிடம் வந்தாள். என்னைத் தூக்கினாள். ஒன்பது வயதுக் கழுதையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கழுத்தில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாள். அவளுக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே என்னை விடாமல் பிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவே முடியாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரே கூட்டம். சேதி தெரிந்து தெருவே வந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் மாமா அந்தப் பிரிண்டைக் காட்டினார். பாதிப்பேர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்பா கொல்லைப்பக்கம் போய்ப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். மாமா நடுநடுவே, "இன்னும் கொஞ்சம் லைட்டாப் போட்டிருந்தா கட்டி சின்னதாத் தெரிஞ்சிருக்குமோ?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பழம் வாங்கி வந்தவர்களும் உண்டு. அதை யார் தின்றது என்று கேட்காதீர்கள்.

வீட்டிலேயே சந்தோஷமாக இருந்தது அம்மா ஒருத்திதான். என் தலையை மடியில் போட்டுப் பேன் பார்த்தாள். கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து தன் தட்டிலிருந்தே எனக்கு ஊட்டினாள், அதே தட்டில் தானும் சாப்பிட்டாள். ஜன்னல் மேலிருந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தாள். எதிர்வீட்டு மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு மட்டும் ஏன்டி இப்பிடி?" என்றதற்கு, "எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது மதினி, பிள்ளைக்கு ஒட்டாதாம்ல" என்று பதில் சொன்னாள்.

சாயங்காலம் காசு கொடுத்து கடலை மிட்டாய் வாங்கிவரச் சொன்னாள். நான் வாங்கி வந்ததை இரண்டு பேரும் காக்காக்கடி கடித்தோம். காக்காக்கடி என்றால் எச்சில் படாமல் பாவாடை நுனியில் சுற்றிக் கடிப்பதுதான் முறை. நான் சுற்றப் போனேன். "துணி எதுக்கு?" என்று சொல்லி அம்மா அப்படியே கடித்து மீதியை என் வாயில் வைத்தாள். இனி அம்மாவுக்கு என்மேல் கோபமே வராது என்று முடிவு செய்துகொண்டேன். கடித்ததில் மிஞ்சிய துண்டைத் தாளில் மடித்துப் பத்திரப்படுத்தினேன்.

அன்றைக்கு அவள் பக்கத்திலேயே, அவள் சேலைக்குள்ளேயே படுத்தேன்.

திங்கட்கிழமை எல்லோரும் விருதுநகர் போனோம். என்னை விட்டுவிட்டுப் போகத்தான் பார்த்தார்கள். அம்மா விடவில்லை. டாக்டர் அறையில் அவர் நாற்காலியில், அம்மா ஸ்டூலில், அப்பாவும் மாமாவும் கோயிலில் நிற்பதுபோல கைகட்டிக்கொண்டு. மாமா முதலில் தன் பிரிண்டைத்தான் நீட்டினார். டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மாமாவையும் பார்த்தார். பிறகு படத்தைக் கேட்டு வாங்கி, சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"எந்தக் கட்டியச் சொல்றீங்க?"

மாமா விரலை வைத்துக் காட்டினார்.

"அதுதான்யா இதயம்."

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் அங்கதான் இருக்கும், அம்புட்டுப் பெருசுதான் இருக்கும். எனக்கு எடுத்தாலும் இப்படித்தான் தெரியும், உங்களுக்கு எடுத்தாலும் இப்படித்தான். காத்து இருக்கிற இடம் படத்துல கறுப்பா விழும். ரத்தம், சதை, எலும்பு எல்லாம் வெள்ளையா விழும். நுரையீரல் காத்து, அதனால கறுப்பு. இதயம் ரத்தம், அதனால வெள்ளை."

"கூரா இல்லையே ஐயா..." என்றார் மாமா.

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழுதார். அழுகையோடு மாமா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மாமா அதைப் பரிசு மாதிரி வாங்கிக்கொண்டு இளித்தார். நானும் சிரித்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு ஏன் இருமல் நிக்கல?" என்றாள்.

டாக்டரின் சிரிப்பு குறைந்தது. எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். மேல் மூலையில் அவர் கண் நின்றது. படத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இங்க யாரு என்ன தடவினது?"

"பின்ஹோல் ஐயா" என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது. "தூசி... பிரிண்டு போடையில அடைச்சேன்."

டாக்டர் படத்தை மேஜையில் வைத்தார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தார். பஞ்சில் செங்கல் நிறம் இறங்கியது. படத்தைத் திரும்ப விளக்குப் பெட்டியில் மாட்டினார். கறுப்பில் பொரி சிதறினாற்போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வெளியே வந்தன. அவற்றைச் சுற்றிப் புகைமூட்டம்போல ஒரு வெளுப்பு.

அவர் திரும்பி அம்மாவிடம்தான் பேசினார். "ஏம்மா, படம் எடுக்கும்போது சடை முன்னால கெடந்துச்சா? அதுகூட இப்படி விழும்."

"இல்லங்கய்யா. தூக்கிக் கட்டச் சொன்னாக, கட்டிட்டேன்."

"பயராபீஸ் தூசியா இருந்தா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் தெரியும். நிமோனியா வந்து ஆறாம நிக்கலாம். எப்பவோ வந்து ஆறின தழும்பா இருக்கலாம். ஆனா இந்த இடத்துல, இத்தன நாள் இருமலோட, இப்படி விழுந்தா நான் மொதல்ல டி.பி.யத்தான் நெனைப்பேன். படத்த வச்சு மட்டும் சொல்ல முடியாது. சளி குடுத்துட்டுப் போங்க, பாத்துட்டு உறுதியாச் சொல்றேன். டி.பி.யாவே இருந்தாலும் பயம் இல்ல. மாத்திரை இருக்கு. விடாமச் சாப்பிட்டா சரியாயிரும்."

"அப்பாடா!" என்றார் அப்பா. டி.பி. என்று கேட்டு அப்பாடா என்ற மனுசனை அந்த டாக்டர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். கட்டிக்கு முன்னால் அது அவருக்குக் காய்ச்சல் மாதிரி ஆகிவிட்டது. மாமா டாக்டர் காலில் விழாத குறை.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று பார்த்து, நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த கடலை மிட்டாய்த் துண்டை எடுத்தேன். ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டு, மீதியை அம்மா வாய்க்கு நேரே நீட்டினேன். "காக்காக்கடிம்மா!"

அம்மா என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் மிட்டாய் தெறித்துப் போய்ச் சுவரில் விழுந்தது. ஸ்டூலோடு பின்னால் நகர்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். எனக்கு உதடு பிதுங்கியது.

"பிள்ள கூடவே படுக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லய்யா..." துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இம்புட்டு நாளாத் தள்ளித்தான்யா போட்டிருந்தேன். மடிக்குக்கூட விடல. முந்தாநாத்துத்தான்... ஒட்டாதுன்னு சொல்லிட்டாகளேன்னு..."

மாமா முகத்தை நான் அப்போது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மிட்டாயை யாராவது மிதித்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தட்டுல, மிட்டாய்ல எல்லாம் ஒட்டாதும்மா" என்றார் டாக்டர். "இருமல்லதான் பரவும். மருந்து ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்ல அதுவும் நின்னுரும். எதுக்கும் பிள்ளைக்கும் ஒரு படம் எடுத்துருவோம்." அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எதுவும் காதில் விழுந்த மாதிரி இல்லை.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது. சளியில் டி.பி. என்றுதான் வந்தது. அம்மா மாத்திரையை ஒருநாள் விடாமல் தின்றாள். அவள் படுத்திருந்த மாதங்களில் உலை வைக்க ஆள் வேண்டியிருந்ததால் என் படிப்பு நாலாம் வகுப்பின் நடுவில் நின்றது. அதற்காக நாடு ஒன்றும் நஷ்டப்படவில்லை. அம்மா தேறி எழுந்து, என் மாமியாரோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக வெகுகாலம் இருந்தாள். மாமா அதற்குப் பிறகு காலண்டரில் தவிர வேறு எதிலும் மை வைக்கவில்லை. என் படத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் எக்ஸ்ரே கடையில் நிற்கும்போது யாருக்கும் எதுவும் தெரியாது.

என்னைப் படம் எடுக்கப் போகிறார்கள் என்றதும் மிட்டாய்த் துக்கம் எனக்கு மறந்துவிட்டது. அதுவரை யாரும் என்னைத் தனியாகப் படம் எடுத்ததில்லை. "என்னையக் காலண்டர்ல போடுவீகளா மாமா?" என்று கேட்டேன். மாமா வெளியே போய்விட்டார். கடைக்காரர் என் சடையைத் தூக்கி உச்சியில் கட்டினார். ஒரு குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்தார். "அசையக்கூடாது. நான் சொன்னதும் மூச்ச நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனார். போட்டோ நன்றாக விழட்டும் என்று நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

தடுப்பில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. கடைக்காரர் தலைக்குப் பக்கத்தில் அம்மாவின் முகம் தெரிந்தது. வாயில் தலைப்பு அழுத்தியிருந்தது. கண் மட்டும் என்மேல்.

"இழு... பிடி" என்றார். பிடித்தேன். ஏதோ டக்கென்று சத்தம் கேட்டது. "விடு" என்றார். விட்டேன்.

அம்மா விடவில்லை. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னது என்னைத்தானே, இவள் எதற்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.